மலைக்காற்றுக்கு அளவெடுத்த ட்ரோன்

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் முதல் வாரத்திலேயே கவனிக்கும் ஒன்று உண்டு: பருப்பு வேக நேரமெடுக்கிறது. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பானை தளதளக்கும்; ஆனால் பருப்புக்குப் போதிய சூடு கிடைக்காது. நீரின் மேல் அழுத்தும் காற்று மலையில் குறைந்திருப்பதே காரணம்.

அடுப்படியில் தெரியும் இந்தக் குறைவு ஆகாயத்திலும் தன் வேலையைக் காட்டுகிறது. அதே ட்ரோன், அதே பற்றரி, அதே சுமை. கொழும்பில் ஒரே இடத்தில் மிதந்து நிற்க அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டதோ, நுவரெலியாவில் அதைவிடச் சுமார் பத்திலொரு பங்கு கூடுதலாகத் தேவைப்படும். மோட்டார் அதிகம் சூடாகும், பற்றரி சீக்கிரம் இறங்கும். பழுது எதுவுமே இல்லாத இயந்திரம் மலைக்கு வந்ததும் ஏன் சோர்ந்துபோகிறது? அதைவிடச் சுவையான கேள்வி அடுத்தது: மலைக்கென்று தனியாக ஒரு ட்ரோனை, அதுவும் பத்து இருபது என்ற சிறு எண்ணிக்கையில், கட்டுப்படியாகும் செலவில் செய்ய முடியுமா?

தேயிலை மலைகளில் ட்ரோனுக்கு வேலை நிறையவே இருக்கிறது. 1946இல் இலங்கைக்குள் நுழைந்த கொப்புள நோயை எடுத்துக்கொள்ளலாம். எக்சோபசீடியம் வெக்சன்ஸ் என்ற பூஞ்சணம் உண்டாக்கும் நோய் அது. முற்றிய இலையை அது தொடுவதில்லை. பறிக்க வேண்டிய இளங்கொழுந்தைத்தான் தாக்குகிறது. பனிமூட்டமும் மழையும் வெயிலற்ற நாட்களும் அதற்கு உகந்தவை. எந்த மலைச்சரிவில், எந்த நிரையில் நோய் தொடங்கியிருக்கிறது என்று மேலிருந்து படமெடுத்துக் கண்டுபிடித்தால், மருந்தை அங்கே மட்டும் அடிக்கலாம். முதுகில் மருந்துக் கலனைச் சுமந்துகொண்டு செங்குத்துச் சரிவில் ஏறி இறங்கும் தொழிலாளியின் பாடும் குறையும்.

இன்னொரு தேவை உயிரோடு சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை மலையகம் மறக்கவில்லை. சரிவில் விழும் வெடிப்புகளையும் நீர் கசியும் இடங்களையும் மழைக்காலம் தோறும் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, ஆள் ஏற முடியாத இடத்தில் பறக்கும் கமரா மிகப் பெரிய துணை.

சரி, காற்றின் கணக்குக்கு வருவோம். ட்ரோனின் விசிறி காற்றைக் கீழே தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்றின் எதிர்விசை ட்ரோனை மேலே தாங்குகிறது. நுவரெலியாவின் காற்று, கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஒரே வேகத்தில் சுற்றும் விசிறி அங்கே ஆறிலொரு பங்கு குறைவாகவே தூக்கும். ஈடுகட்ட இரண்டு வழிகள் உண்டு. விசிறியை வேகமாகச் சுற்றலாம். அதற்கான விலையைப் பற்றரி கொடுக்கும். அல்லது விசிறியைப் பெரிதாக்கி, அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளலாம். இரண்டாவது வழிதான் சிக்கனமானது. 10 அங்குல விசிறி இருந்த இடத்தில் ஏறத்தாழ 11 அங்குல விசிறியைப் பொருத்தினால் இழந்த தூக்குவிசை திரும்பக் கிடைத்துவிடும்.

ஆனால் விசிறி பெரிதானால் பக்கத்து விசிறியோடு மோதும். ஆகவே மோட்டாரைத் தாங்கும் கையும் பத்திலொரு பங்கு நீள வேண்டும். இங்கேதான் சிக்கல் கூடுகிறது. நீளும் கை அதைவிட வேகமாக விறைப்பை இழக்கிறது: பத்திலொரு பங்கு நீளம் கூடினால் விறைப்பில் நாலிலொரு பங்கு போய்விடும். நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும் மோட்டார், செக்கனுக்கு 100 தடவை கையை உலுக்குகிறது. கையின் இயல்பான அதிர்வு அந்த எண்ணுக்குக் கிட்ட வந்துவிட்டால் அதிர்வு பெருகிப் பெருகி, ட்ரோனின் சமநிலையைக் கணக்கிடும் உணரி குழம்பிவிடும். எனவே கையை வெறுமனே நீட்டிவிட முடியாது. உடலோடு சேரும் இடத்தில் வளைக்கும் விசை மிக அதிகம். அங்கே பருத்தும், மோட்டாரை நோக்கிப் போகப் போக மெலிந்தும், உள்ளே குழலாகவும் இருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், அது முற்றிலும் புதிய ஓர் உறுப்பு.

புதிய உறுப்பைச் செய்ய வழக்கமான பாதைகள் இரண்டு. முதலாவது வார்ப்பு. உருக்கில் குடைந்த அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கைப் பாய்ச்சி, சில செக்கன்களுக்கு ஒன்றாக உறுப்புகளைத் தள்ளலாம். உறுப்பின் விலை அற்பம். ஆனால் அந்த உருக்கு அச்சின் விலை மிகப் பெரியது. ஆயிரக்கணக்கில் விற்பவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். கையின் நீளத்தை ஒரு சென்டிமீற்றர் மாற்ற நினைத்தாலும் அச்சைத் திருத்தவோ புதிதாகக் குடையவோ வேண்டும். இரண்டாவது, லேத்திலும் அரவை இயந்திரத்திலும் வைத்துக் கட்டியிலிருந்து வெட்டி எடுப்பது. தேயிலைத் தொழிற்சாலைகளின் பட்டறைகளுக்கு இது பழகிய வேலை. ஆனால் வெட்டும் கருவி நுழைய முடியாத இடத்தில் குடைவு போட முடியாது. கட்டியின் பெரும்பகுதி சீவலாகக் குப்பைக்குப் போகும்.

மூன்றாவது பாதை இவ்விரண்டுக்கும் நேர் எதிரானது. ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கி, தேவையான இடத்தில் மட்டும் பொருளை அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போவது. சேர்ப்பு உற்பத்தி என்பது இதன் முறையான பெயர். முப்பரிமாண அச்சு என்பது வழக்கில் உள்ள பெயர். கணினியில் வரைந்த உறுப்பை மென்பொருள் மெல்லிய கிடைத்தகடுகளாகச் சீவுகிறது. இயந்திரம் அந்தத் தகடுகளைக் கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்றாக உண்டாக்குகிறது. ஜப்பானில் ஹிதேயோ கொடாமா 1981இல் இதன் முதல் வடிவத்தை விவரித்தார். அமெரிக்காவின் சக் ஹல், ஒளிபட்டால் இறுகும் திரவத்தைக் கொண்டு செய்யும் முறைக்கு 1984இல் காப்புரிமை கோரி 1986இல் பெற்றார். டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்த கார்ல் டெக்கார்ட், தன் ஆசிரியர் ஜோ பீமனுடன் 1980களில் தூளை லேசரால் இணைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ட்ரோன் உறுப்புகளைப் பொறுத்தவரை டெக்கார்டின் வழிதான் முக்கியமானது.

பாடசாலைகளிலும் கண்காட்சிகளிலும் நாம் காணும் மேசை அச்சியந்திரம் வேறு வகை. அது பிளாஸ்டிக் இழையை உருக்கி, நுண்துளை வழியாகப் பிழிந்து அடுக்குகிறது. அதன் பலவீனத்தைப் புரிந்துகொள்ள ஓர் இடியப்பத்தைக் கையில் எடுத்தால் போதும். ஓர் இழையை அதன் நீளவாக்கில் இழுத்து அறுப்பதைவிட, ஒட்டியிருக்கும் இரண்டு இழைகளைப் பிரிப்பது எளிது. சூடாகப் பிழிந்த இழை, ஏற்கெனவே ஆறத் தொடங்கிய இழைமேல் விழுவதால் ஒட்டு முழுமையாக அமைவதில்லை. மேசை இயந்திரத்தில் அச்சிட்ட ட்ரோன் கை உடையும்போது பெரும்பாலும் அடுக்கோடு அடுக்காகப் பிளப்பது இதனால்தான்.

தொழிற்சாலைத் தரத் தூள் இயந்திரம் இந்தக் குறையை வேறு விதமாக அணுகுகிறது. அதன் மூடிய அறைக்குள் நைலோன்–12 என்ற பிளாஸ்டிக்கின் வெண்தூள் இருக்கிறது. ஒரு துகளின் குறுக்களவு ஏறத்தாழ மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு. ஓர் உருளையோ தகட்டலகோ அதை 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் சமனாகப் பரப்புகிறது. அறை முழுவதும் 170 பாகையை ஒட்டிய சூட்டில், தூள் உருகுவதற்குச் சில பாகைகள் மட்டுமே குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. மேலிருந்து லேசர் கதிர், உறுப்பின் அப்போதைய தகடு எந்த வடிவமோ அந்த வடிவத்தை மட்டும் கோடு கோடாக வருடிச் செல்கிறது. பட்ட இடம் கண்ணாடிபோல் பளபளத்து உருகுகிறது. படாத இடம் தூளாகவே கிடக்கிறது. மேடை 0.1 மில்லிமீற்றர் இறங்குகிறது. அடுத்த பரப்பு, அடுத்த வருடல். 30 சென்டிமீற்றர் உயரமுள்ள ஓர் உறுப்புக்கு இப்படி 3000 அடுக்குகள்.

அறையை இவ்வளவு சூடாக வைத்திருப்பதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. நைலோன்–12 உருகும் சூடு ஒன்று. உருகியபின் மீண்டும் இறுகும் சூடு அதைவிட இருபது முப்பது பாகை குறைவு. அந்த இடைவெளிக்குள் அறையை நிறுத்திவைத்தால், உருகிய அடுக்குகள் உடனே இறுகாமல் காத்திருக்கின்றன. மேலே வரும் அடுக்கு கீழுள்ளதோடு உருகிய நிலையிலேயே கலக்கிறது. எல்லா அடுக்குகளும் முடிந்த பிறகு, முழுக் கட்டியும் பல மணித்தியாலங்களாக மெதுவாக ஆறுகிறது. அவசரப்பட்டு வெளியே எடுத்தால் உறுப்பு முறுக்கிக்கொள்ளும். அச்சிடும் நேரத்துக்குச் சமமான நேரம் ஆறுவதற்கும் போய்விடுவது இத்தொழிலில் சாதாரணம்.

உருகாத தூள் சுற்றிலும் நிரம்பி உறுப்பைத் தாங்கிக்கொள்வதால் முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ட்ரோன் கைக்கு இதனால் பல நன்மைகள். கையின் உள்ளே மின்கம்பி ஓடும் வளைந்த குழாயை அச்சிடும்போதே வைக்கலாம். விசை வராத இடத்தில் பொருளை எடுத்துவிட்டு வலைப்பின்னலாக விடலாம். மோட்டார் இருக்கை, கமரா தாங்கி, கால் ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்து திருகாணி பூட்டாமல் ஒரே உறுப்பாக ஆக்கலாம். திருகாணி குறைந்தால் எடையும் குறையும், அதிர்வில் தளரும் இடங்களும் குறையும். ஒரே தூள்படுகைக்குள் நுவரெலியாவுக்கு ஒரு நீளத்திலும் ஹட்டனுக்கு இன்னொரு நீளத்திலும் கைகளை அருகருகே அச்சிடலாம். அதற்காக இயந்திரத்தில் மாற்ற வேண்டியது எதுவுமில்லை. கோப்பு மட்டும் வேறு.

இவையெல்லாம் ஆகாயத்திலேயே பரிசோதிக்கப்பட்டவை. இங்கிலாந்தின் சவுத்ஹம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்டி கீன், ஜிம் ஸ்கேன்லன் ஆகிய பேராசிரியர்களின் குழு, 2011இல் சுல்சா என்ற ஆளில்லா விமானத்தை நைலோன் தூளிலிருந்து லேசரால் அச்சிட்டுப் பறக்கவிட்டது. இறக்கை அகலம் 2 மீற்றர். பகுதிகள் ஒன்றோடொன்று சொடுக்கி மாட்டிக்கொள்ளும். திருகாணி, கருவி எதுவும் வேண்டாம். சுல்சாவினதுபோன்ற நீள்வட்ட வடிவ இறக்கை காற்றெதிர்ப்பு குறைந்தது என்பது விமானப் பொறியியலாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். செய்வது கடினம், செலவு அதிகம் என்பதால் பெரும்பாலும் தவிர்த்து வந்தார்கள். தூளில் அச்சிடும்போது வளைந்த இறக்கைக்கும் நேரான இறக்கைக்கும் வேலை ஒன்றுதான். 2015 ஜூலையில் அதே பல்கலைக்கழகத்தின் 3 கிலோ எடையுள்ள விமானம், எச்எம்எஸ் மெர்சி என்ற கடற்படைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து ஏவப்பட்டு, சுமார் 500 மீற்றர் பறந்து கரையில் இறங்கியது.

அடுத்த ஆண்டு பெரிய நிறுவனமே முன்வந்தது. எயர்பஸ், 21 கிலோ எடையும் 4 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் கொண்ட தோர் என்ற ஆளில்லா விமானத்தை 2016 ஜூனில் பெர்லின் விமானக் கண்காட்சியில் வைத்தது. மின்சாரப் பாகங்கள் தவிர மற்றதெல்லாம் பொலியமைட், அதாவது நைலோன் குடும்பத்துப் பிளாஸ்டிக்கில் அச்சிடப்பட்டவை. தமிழ்நாட்டில் இதே அடுக்குமுறை உலோகத்தில் கைகூடியிருக்கிறது. சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட உலோக இயந்திரத்தால் இயங்கும் ரொக்கெட்டை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது.

ஆனால் பறந்தது என்பது வேறு, நாளும் நம்பிப் பறக்கவிடலாம் என்பது வேறு. அச்சிட்ட உறுப்பின் பலம் எப்படித் தெரியவருகிறது? நடு மெலிந்து இரு முனையும் பருத்த சிறு சோதனைத் துண்டுகளை, உறுப்போடு உறுப்பாக அதே தூள்படுகையில் அச்சிடுகிறார்கள். சில துண்டுகள் படுக்கையாக, சில நிமிர்ந்தபடி. பிறகு இழுவை இயந்திரத்தின் தாடைகளில் மாட்டி அறும்வரை இழுக்கிறார்கள். ஜேர்மனியின் ஈஓஎஸ் நிறுவனம் தன் நைலோன்–12 தூளுக்குத் தரும் தரவு கவனிக்கத்தக்கது. படுக்கையாக அச்சிட்ட துண்டு 48 மெகாபஸ்கால் இழுவிசை வரை தாங்குகிறது. நிமிர்த்தி அச்சிட்டது 42. வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அறுவதற்கு முன் எவ்வளவு நீண்டு கொடுக்கிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது: படுக்கைத் துண்டு 18 வீதம், நிமிர்ந்த துண்டு 4 வீதம். அடுக்குகளுக்குக் குறுக்கே இழுத்தால் உறுப்பு எச்சரிக்கை தராமல் சட்டென முறியும் என்பதே இதன் பொருள். பொறியியலாளர்கள் இதைத் திசைச்சார்பு என்பார்கள். தேயிலைச் செடியில் மோதி விழும் ட்ரோனின் கை வளைந்து தப்புமா, இரண்டாகத் தெறிக்குமா என்பதை, அந்தக் கை தூள்படுகையில் எந்தப் பக்கமாகப் படுத்திருந்தது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. உறுப்பை எக்ஸ்ரே சிரி ஸ்கேனில் வைத்து, அறுக்காமலே உள்ளே இருக்கும் நுண்துளைகளைப் பார்க்கலாம். தூளையும் சோதிக்க வேண்டும். உருகாமல் எஞ்சிய தூள் பல மணித்தியாலம் சூட்டில் கிடந்து மூப்படைந்திருக்கும். அதை அப்படியே மீண்டும் பயன்படுத்தினால் மேற்பரப்பு குழிவிழும், பலமும் குறையும். ஆகவே பழையதோடு ஏறத்தாழ சரிபாதி புதுத் தூளைக் கலக்கிறார்கள். எந்தப் பொதியின் தூள், எத்தனையாவது சுற்று, எந்த உறுப்பு எந்த மூலையில் அச்சானது என்று பதிந்து வைக்கிறார்கள். தொழிற்சாலைத் தரம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இயந்திரத்தின் விலையைவிட இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் அச்சிடத் தேவையும் இல்லை. மோட்டார், பற்றரி, மின்சுற்று ஆகியவை வாங்க வேண்டியவையே. விசிறியும் அப்படித்தான்: நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும்போது அலகின் வேரில் விழும் இழுவிசை மிகப் பெரியது, அதோடு ஒவ்வொரு சுற்றிலும் சிறு வளைவு. கோடிக்கணக்கான தடவை வளைந்து வளைந்து ஏற்படும் சோர்வு முறிவுக்கு, நுண்துளையுள்ள அச்சு உறுப்பு எளிதில் இரையாகும். விசிறியை வார்ப்பிலோ கரியிழையிலோ செய்ததாக வாங்கி, கை, கமரா தாங்கி, கால், மூடி ஆகியவற்றை மட்டும் அச்சிடுவதே அறிவான பங்கீடு.

மலையகத்துக்கே உரிய சோதனைகளும் உண்டு. நைலோன் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நைலோன்–12 தன் குடும்பத்திலேயே மிகக் குறைவாக உறிஞ்சுவது என்றாலும், லேசர் உறுப்பின் நுண்துளைகளுக்குள் பனியும் செம்பு கலந்த பூஞ்சணக் கொல்லியும் ஊறாதபடி மேற்பரப்பை அடைத்துப் பூச வேண்டும். உயரத்தில் புறஊதாக் கதிரும் கடுமை. பூச்சு அதையும் தடுக்க வேண்டும். அடிக்கடி விழுந்து எழக்கூடிய உறுப்புகளுக்கு நைலோன்–11 இன்னும் பொருத்தம். அது நைலோன்–12ஐவிட அதிகம் நீண்டுகொடுக்கும். அதன் மூலப்பொருள் ஆமணக்கெண்ணெய். உலக ஆமணக்கின் பெரும்பங்கு இந்தியாவில், குறிப்பாகக் குஜராத்தில் விளைகிறது.

ஆக, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை ஆம் என்பதே. பத்து இருபது ட்ரோன்களை ஒரு மலைக்கென்று வடிவமைப்பது இன்று நடக்கக்கூடிய காரியம். நடப்பதற்குத் தேவையானவையும் மலைக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கின்றன. நோயையும் கொழுந்தையும் அறிந்த தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இலிருந்து இயங்குகிறது. அது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. விசையையும் அதிர்வையும் கணக்கிடும் பொறியியல் பீடம் பேராதனையில் இருக்கிறது. கைத்தொழில் கற்பிக்கும் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் ஹட்டனில் இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியோடு பறக்கவிடும் ஒழுங்கையும் இங்கேயே கற்றுக்கொடுக்கலாம். முதல் நாளிலேயே பெரிய லேசர் இயந்திரம் வாங்கியாக வேண்டும் என்பதில்லை. வடிவமைப்பையும் சோதனையையும் மலையில் செய்து, அச்சிடுவதை மட்டும் இயந்திரம் உள்ள இடத்துக்குக் கோப்பாக அனுப்பலாம்.

1867இல் லூல்கொந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1872இல் கொழுந்தை உருட்டும் இயந்திரத்தைத் தன் தோட்டத்திலேயே செய்துகொண்டார். அன்று அந்த மலைகளில் நிரை பிடித்து உழைத்தவர்களின் சந்ததியினர் இன்று கணினி படிக்கிறார்கள், பொறியியல் படிக்கிறார்கள். படித்த பிறகு வேலை தேடிக் கொழும்புக்குப் போகிறார்கள். தங்கள் மலையின் காற்றுக்கும் சரிவுக்கும் ஏற்ற ஓர் இயந்திரத்தை வரைந்து, அச்சிட்டு, இழுத்துச் சோதித்துப் பறக்கவிடும் வாய்ப்பை அவர்களுக்கு அந்த மலையிலேயே கொடுக்க வேண்டும். ஆராய்ச்சி நிறுவனமும் பல்கலைக்கழகமும் பயிற்சி நிலையமும் தோட்டக் கம்பனிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் தொடங்கக்கூடிய வேலை இது. அவர்கள் அதை இந்தத் தலைமுறையிலேயே தொடங்க வேண்டும்.